தண்ணீர் கலந்த க்ரீம் மூன்று மாதம் தாங்குமா?

நிலா_வாசல்:
முழங்காலுக்குக் கீழே தோல் செதில் செதிலாக உரிகிறது. நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழும். வாசனை சேர்த்த லோஷன் எதைத் தடவினாலும் எரிச்சல். வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று பார்த்தால், ஒரு காணொளியில் கற்றாழைச் சோறு, பன்னீர், தேங்காய் எண்ணெய், இரண்டு வைட்டமின் இ மாத்திரை எல்லாவற்றையும் மிக்ஸியில் அடிக்கிறார்கள். வெள்ளை வெளேரென்று க்ரீம் வருகிறது. மூன்று மாதம் வெளியிலேயே வைக்கலாமாம். நம்பலாமா?

மெழுகுக்கிண்ணம்:
நம்பாதீர்கள். கற்றாழையும் பன்னீரும் பெரும்பாலும் தண்ணீர்தான். தண்ணீர் இருக்கும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும், அதுவும் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே. வைட்டமின் இ எண்ணெய் சீக்கிரம் காறாமல் பார்த்துக்கொள்ளும், கிருமியை ஒன்றும் செய்யாது. இந்த ஒரு விஷயத்தைத்தான் எல்லாக் காணொளியிலும் குழப்புகிறார்கள், எனக்குக் கோபமே வரும். எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்துப் பிடிக்கும் எமல்சிஃபையர் இல்லாததால் அந்த வெள்ளை நிறமும் நிற்காது, எண்ணெய் தனியாகப் பிரிந்து மேலே வந்துவிடும்.

உங்களுக்கு நான் சொல்வது தண்ணீரே இல்லாத பாம், அதாவது எண்ணெயும் மெழுகும் சேர்ந்த களிம்பு. தேன்மெழுகு 10 கிராம், ஷியா வெண்ணெய் (ஷியா மரக் கொட்டையின் கொழுப்பு) 20 கிராம், சூரியகாந்தி எண்ணெய் 50 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் எடை போடுங்கள். கொதிநீரில் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள், நேரடித் தீயில் வேண்டாம். மெழுகு உருக 62 முதல் 64 டிகிரி வேண்டும், அதனால் கடைசியாகக் கரைவது அதுதான். அது கரைந்ததும் இறக்கி, ஈரமில்லாத டப்பாவில் ஊற்றினால் முடிந்தது.

ஆலிவ் எண்ணெயை நான் தொடுவதில்லை. அதில் ஒலியிக் அமிலம் அதிகம். அது தோலின் மேலடுக்கைத் தளர்த்திவிடும், வறண்ட தோலுக்கு அது எதற்கு? சாதாரண சூரியகாந்தியில் அந்த மேலடுக்குக்கு உதவும் லினோலிக் அமிலம் அதிகம். 'ஹை ஒலியிக்' என்று போட்டிருந்தால் அது வேறு வகை, வாங்காதீர்கள்.

பாம் ஈரத்தைக் கொடுக்காது, இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் பூட்டும். அதனால் குளித்துவிட்டுத் துண்டால் ஒற்றியதும், தோல் காய்வதற்குள் தடவ வேண்டும். காய்ந்த காலில் தடவிவிட்டு 'பலனே இல்லை' என்பவர்கள்தான் அதிகம். குளிக்கும் தண்ணீரும் வெதுவெதுப்பாக இருந்தால் போதும்.

குட்டிமேகம்:
பாம் பிசுபிசுவென்று உடையெல்லாம் ஒட்டுமே. க்ரீம்தான் வேண்டும் என்றால் வழியே இல்லையா?

மெழுகுக்கிண்ணம்:
இருக்கிறது, ஆனால் சமையலறை வேலை மாதிரி நினைக்கக் கூடாது. 100 கிராமுக்கு: காய்ச்சி வடித்த நீர் 70, கிளிசரின் 5, எண்ணெய் 18, எமல்சிஃபையிங் வாக்ஸ் 6, கிருமி வளராமல் தடுக்கும் பிரிசர்வேட்டிவ் 1. தேன்மெழுகை அந்த வாக்ஸுக்குப் பதிலாகப் போட்டால் சேராது. நீரும் கிளிசரினும் ஒரு பாத்திரத்தில், எண்ணெயும் வாக்ஸும் இன்னொன்றில். இரண்டையும் 70 முதல் 75 டிகிரி வரை சூடாக்கி, ஒன்றாக ஊற்றி, ஆறும் வரை அடிக்க வேண்டும். 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் பிரிசர்வேட்டிவ். அது ஒவ்வொன்றுக்கும் அளவு மாறும், லேபிளில் இருப்பதை மீறாதீர்கள்.

ஈரத்துணி:
எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்பவர்களிடமும் ஜாக்கிரதை. தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கொப்புளம்கூட வரலாம். நிலா, எதைச் செய்தாலும் முதலில் முழங்கையின் உட்பக்கம் சில நாள் தடவிப் பாருங்கள். வெடிப்பில் நீர் வடிந்தாலோ, அரிப்பில் தூக்கம் கெட்டாலோ தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

நிலா_வாசல்:
நீர் வடியவில்லை, வெறும் வறட்சிதான். சரி, பாமே செய்கிறேன். ஷியா சேர்த்தால் ரவை மாதிரி நறநறவென்று ஆகிவிடும் என்கிறார்களே?

மெழுகுக்கிண்ணம்:
மெதுவாக ஆறினால் அப்படி ஆகும், கெட்டுப்போனதாக அர்த்தம் இல்லை. மறுபடி முழுதாக உருக்கி, ஊற்றியதும் டப்பாவை ஃப்ரிட்ஜில் வையுங்கள், வழவழவென்று வரும். எடுக்கும்போது மட்டும் ஈரவிரல் விடாதீர்கள்.