மறுமொழி: ஆறிய எஞ்சினின் ‘ஐடிலிங்’ – ‘வெற்றோட்டம்’ ஒன்றே போதுமா?

அன்புள்ள குழுமத்தார்க்கு வணக்கம்.

வாகனத் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான பாடம் நாளை மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். அதில் வரும் ‘கோல்ட் ஸ்டார்ட்’ (சூடு ஆறிக் கிடக்கும் எஞ்சினைக் கிளப்புதல்), ‘ஐடிலிங்’ (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடுதல்) ஆகிய இரண்டுக்கும் தமிழ்ச் சொற்கள் இன்னும் முடிவாகவில்லை. ஆறிய எஞ்சினின் ஐடிலிங்குக்குத் தனிச்சொல் வேண்டுமா, ‘வெற்றோட்டம்’ ஒன்றே போதுமா என்ற கேள்வியும் குழுமத்தில் எழுந்துள்ளது. ஆதலால் என் கருத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

‘ஐடிலிங்’ என்பதற்குச் ‘சோம்போட்டம்’ என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. அது ஆங்கிலச் சொல்லின் அகராதிப் பொருளைப் பார்த்து ஆக்கப்பட்டதே தவிர, எஞ்சினைப் பார்த்து ஆக்கப்பட்டதன்று. வண்டி நிற்கும்போதும் எஞ்சின் தன் உராய்வை வென்று, ஆயில் பம்பையும் மின்சாரம் ஆக்கும் ஆல்டர்னேட்டரையும் சுழற்றிக்கொண்டுதான் இருக்கிறது. சக்கரங்களுக்கு விசை செல்வதில்லை, அவ்வளவே. அந்த வெறுமையைச் சுட்ட ‘வெற்றோட்டம்’ பொருந்தும். புணர்ச்சி பிழை என்று எழுதிய நண்பர் ‘வெற்றிடம்’ என்ற சொல்லை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். மை ஈறு கெட்டு, றகரம் இரட்டித்து அது வந்தவாறே இதுவும் வரும். நன்னூலின் பண்புப்பெயர்ப் புணர்ச்சிக்கு இது முற்றும் உட்பட்டது.

‘ஐடிலிங்’ என்பதற்குச் சொல்லப்பட்ட ‘சும்மா ஓடுதல்’ கொச்சை என்று தள்ளப்பட்டது எனக்கு வருத்தமே. அருணகிரிநாதர் கந்தரனுபூதியில் ஆண்ட ‘சும்மா’ என்ற சொல்லைக் கொச்சை என்பது எப்படி? நான் அதை விலக்குவது வேறு காரணத்தால்: தேவையில்லாமல் ஓடுகிறது என்று மாணவர் பொருள் கொண்டுவிடுவார்.

‘கோல்ட் ஸ்டார்ட்’ என்பதற்குக் ‘குளிர்த் தொடக்கம்’ என்றால் அது இன்னும் பெரிய குழப்பத்தைத் தரும். கோடை நண்பகலில் கூட, நெடுநேரம் நிறுத்திய வண்டியைக் கிளப்பினால் அது கோல்ட் ஸ்டார்ட்தான். எஞ்சின் தன் வேலைச் சூட்டை எட்டும்போது குளிர்விப்பு நீர் ஏறத்தாழ 90 பாகை செல்சியசில் இருக்கும். அதனோடு ஒப்பிட்டால் 35 பாகையும் குறைவே. முன்பு சூடாக இருந்த பொருள் சூடு தணிவதைத் தமிழர் குளிர்தல் என்பதைவிட ஆறுதல் என்றே சொல்கிறோம். ஆயினும் ஆறியது எஞ்சினே அன்றித் தொடக்கமன்று என்பதால், ‘ஆறிய தொடக்கம்’ வேண்டாம். ‘ஆறுநிலைத் தொடக்கம்’ என்போம்.

அடுத்து, என் மனத்துக்கு நெருக்கமான சொல்: ஆறிய எஞ்சினின் ஐடிலிங்குக்கு நான் முன்மொழிந்த ‘வெதுப்போட்டம்’. சூடான பெட்ரோல் எஞ்சின் பொதுவாக நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்றுகளில் வெற்றோட்டமாக ஓடும். ஆறுநிலையில் அது 1,200-ஐத் தாண்டுவதுண்டு. பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் எஞ்சினின் உட்சுவர்களில் படிகிறது, கெட்டியான ஆயில் உராய்வைக் கூட்டுகிறது. ஆகவே கட்டுப்பாட்டுக் கணினி நீர்ச்சூட்டு உணரியைப் பார்த்து எரிபொருளையும் காற்றையும் மிகுதியாக விடுகிறது. புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி ஏறத்தாழ 250 முதல் 300 பாகை வரை சூடேறிய பின்னரே செவ்வனே வேலை செய்யத் தொடங்கும் என்பதால், தீப்பொறியைத் தாமதித்து, புகையை வேண்டுமென்றே சூடாக வெளியேற்றுகிறது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் இருந்த காலத்தில், காற்றைக் குறைக்கும் சோக்கும் அதனோடு இணைந்த நெம்புகோலும் கலவையைச் செறிவாக்கிச் சுழற்சியை உயர்த்தின. இத்தனை பணிகளைச் செய்யும் ஓட்டத்தை வெறுமை என்பது எனக்கு நெருடுகிறது. வெதுப்புவதற்காகவே ஓடுவதால் ‘வெதுப்போட்டம்’ என்றேன்.

அது ‘வெதுப்பக’த்தை (பேக்கரியை) நினைவூட்டுகிறது என்ற மறுப்பு வலுவற்றது, வேர் ஒன்றாயின் நினைவு வருவது இயல்பே. ஒரு பாடத்தில் மூன்று புதுச்சொற்கள் மாணவருக்குச் சுமை என்ற மறுப்போ நேர்மையானது. பட்டறையில் அவர்கள் ‘ஐடிலிங்’ என்றே கேட்பார்கள் என்பதால், முதல் இடத்தில் அதையும் அடைப்புக்குறிக்குள் தருவேன்.

இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘வெதுப்போட்டம்’ வேண்டாம், ‘உயர் வெற்றோட்டம்’ போதும் என்கிறார்கள். என்னோடு நிற்பவர் ஒருவரே. அந்தத் தொடர் சுழற்சி கூடியதைச் சொல்கிறது, கூடியது ஏன் என்பதைச் சொல்லவில்லை. என் மறுப்பு அப்படியே நிற்கிறது. நாளை மாலைக்குள் வேறு கருத்து வராவிடில் பெரும்பான்மையின்படியே பாடத்தை அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
பாடத்தை மொழிபெயர்ப்பவர்