டி2கியூ9-ல் சாட் அதிர்ச்சிக் குழாய்: அடர்த்தி விகிதம் 8 என்றால் வெடிக்கிறது, 2 என்றால் ஒரு படியைக் காணோம்

கேள்வி:
தடுப்பை எடுத்ததும் அடர்ந்த வாயு மெலிந்த வாயுவுக்குள் பாயும் சாட் கணக்கை லாட்டிஸ் போல்ட்ஸ்மன் முறையில் (வாயுவைக் கணுவிலிருந்து கணுவுக்குத் தாவும் துகள் பரவலாகக் கணக்கிடுவது) ஓட்டுகிறேன். டி2கியூ9 (இரு பரிமாணம், ஒன்பது திசைவேகங்கள்), பிஜிகே மோதல் (டாவ் என்ற ஒரே தளர்வு நேரம்), 1000×4 கணுக்கள், தடுப்பு 500-ல். அடர்த்தி இடப்பக்கம் 1, வலப்பக்கம் 0.125. டாவ் 0.51-ல் வைத்தாலும் 1-ல் வைத்தாலும் எண்கள் வெடித்துவிடுகின்றன. வலப்பக்கத்தை 0.5 ஆக்கினால் ஓடுகிறது. ஆனால் நடுவில் 0.71 அளவில் ஒரே மேடை. தொடர்பு முறிவே (அழுத்தமும் வேகமும் மாறாமல் அடர்த்தி மட்டும் தாவும் இடம்) இல்லை. எம்ஆர்டிக்கு (பல தளர்வு நேரங்கள் கொண்ட மோதல்) மாற வேண்டுமா?

பதில் 1:
எம்ஆர்டி இதற்கு மருந்தல்ல. உங்கள் நிரலில் பிழை இருப்பதாகவும் தெரியவில்லை; அது தீர்ப்பது சமவெப்ப (வெப்பநிலை மாறாத) ஓட்டத்தை. ஆற்றல் சமன்பாடே இல்லாத இடத்தில் தொடர்பு முறிவு எப்படி வரும்? விகிதம் 2-க்கு சமவெப்பத் தீர்வின் மேடை 0.707, உங்களுக்கு வந்திருப்பதும் அதுவே.

விகிதம் 8-க்கு மேடை சுமார் 0.345, அங்கே வேகம் 0.61. ஒலி வேகம் 0.577-ஐக் கூட்டினால் 1.19. ஒரு படிக்கு ஒரு கணுதான் தாண்ட முடியும் என்கிற லாட்டிஸில் அலை அதைவிட வேகமாக ஓடப் பார்க்கிறது. டாவை என்ன செய்தாலும் இது மாறாது.

சாட் கணக்குதான் வேண்டுமென்றால் இரட்டைப் பரவல் வையுங்கள்: எஃப் நிறைக்கும் உந்தத்துக்கும், ஜி ஆற்றலுக்கும். எஃப்-ஐ மட்டும் வைத்து ஆற்றலைக் காத்தால் இரு பரிமாணத்தில் காமா (வெப்ப ஏற்புத்திறன்களின் விகிதம்) 2 ஆகிவிடும், 1.4 கிடைக்காது. இடப்பக்க வெப்பநிலை 1-ஐ லாட்டிஸ் அலகில் தீட்டா (வெப்பநிலை) 0.15 என்று எடுங்கள். மூன்றில் ஒரு பங்கு என்று எடுத்தால் அலை வேகம் மறுபடி 1-ஐத் தாண்டும். விலையும் உண்டு: மூன்றாம் திருப்புத்திறனில் (பரவலைத் துகள் வேகத்தின் மும்மடியால் பெருக்கிக் கூட்டியது) ரோ·யூ·(1−3தீட்டா) − ரோ·யூ³ என்ற பிழை (ரோ அடர்த்தி, யூ ஓட்ட வேகம்) வரும், அதன் சரிவைத் திருத்த உறுப்பாகச் சேர்த்தே ஆக வேண்டும்.

கேட்டவர்:
சேர்த்தேன், ஓடுகிறது. அதிர்ச்சிக்குப் பின்னால் மட்டும் பல் பல்லாக அலைகிறது. டாவ் எல்லா இடத்திலும் 0.6.

பதில் 2:
பெரும்பாலும் இரண்டு காரணம். திருத்த உறுப்பின் சரிவை மைய வேறுபாட்டில் எடுத்திருப்பீர்கள். அதிர்ச்சி அருகே முதல்நிலை மேல்காற்று வேறுபாடாக (ஓட்டம் வரும் பக்கத்துக் கணுவை மட்டும் பார்ப்பது) மாற்றுங்கள். அடுத்து டாவ். டாவ் − 0.5-ஐ மூன்றால் வகுத்துப் பாகுத்தன்மை காணும் பழைய சூத்திரம் இங்கே செல்லாது; டாவ் − 0.5 என்பது மியூவை (பாகுத்தன்மை) உள்ளூர் அழுத்தத்தால் வகுத்தது. மியூ 0.015 என்றால் இடப்பக்கம் (அழுத்தம் 0.15) டாவ் 0.6, வலப்பக்கம் (0.015) 1.5. எங்கும் 0.6 என்றால் வலப்பக்கத்துக்கு வேண்டிய பாகுத்தன்மையில் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

பிராண்டில் எண்ணைப் (உந்தம் பரவும் வேகத்துக்கும் வெப்பம் பரவும் வேகத்துக்கும் உள்ள விகிதம்) பற்றி இப்போது கவலை வேண்டாம்.

சரிபார்க்க: 400 படி முடிவில் அதிர்ச்சி 771-வது கணு அருகே, தொடர்பு முறிவு 644, விரிவலையின் தலை 317. அதிர்ச்சிக்குப் பின் அடர்த்தி 0.266, தொடர்பு முறிவுக்கு இடப்புறம் 0.426. அதிர்ச்சி சரியான இடத்தில் நின்று தொடர்பு முறிவு மட்டும் பரந்து கிடந்தால் அது மியூவின் வேலை. அதிர்ச்சியே இடம் மாறி நின்றால் திருத்த உறுப்பின் குறியைப் பாருங்கள்.