கணிப்பு பொய்த்தால் கோட்பாட்டைக் கைவிட வேண்டுமா?

வால்மீன்:
அறிவியலின் அடையாளம் ஒன்றுதான். கணிப்பு பொய்த்தால் கோட்பாடு காலி. அறிவியல் தத்துவவாதி கார்ல் பாப்பர் வலியுறுத்தியது இதைத்தான். சாக்குச் சொல்லித் தப்பிப்பதற்கு ஜோதிடம் இருக்கிறது.

குறுக்குக்கேள்வி:
அப்படியென்றால் நியூட்டனை 19ஆம் நூற்றாண்டிலேயே வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். யுரேனஸ் கணக்குப்படி நகரவில்லை. ஈர்ப்பு விதி தவறு என்று சொல்லாமல், கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அதை இழுக்கிறது என்றார் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே. 1846இல் பெர்லினில் வானியலாளர் காலே தேடிப் பார்த்தார்; சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. இதுவும் சாக்குதானே?

வால்மீன்:
இல்லை. எங்கே தேட வேண்டும் என்று இடத்தைக் குறித்துக் கொடுத்தார் அல்லவா? அங்கே கோள் இல்லையென்றால் மாட்டியிருப்பார். சோதிக்க முடிகிற துணைக் கருதுகோளைப் பாப்பர் தடுக்கவே இல்லை.

குறுக்குக்கேள்வி:
மாட்டத்தான் செய்தார்! புதன் சூரியனை நெருங்கும் புள்ளி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. மற்றக் கோள்களின் இழுப்பைக் கழித்த பிறகும் நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) மிஞ்சுகிறது (லெவெரியேவின் கணக்கில் 38). 1859இல் அதே மனிதர் அதே உத்தியைக் கையாண்டார்: சூரியனுக்கு அருகே இன்னொரு கோள். வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று. கிரகணந்தோறும் தேடினார்கள், கிடைக்கவில்லை. நியூட்டனை யாராவது கைவிட்டார்களா? 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் அந்த 43ஐச் சரியாகத் தரும்வரை பொறுத்திருந்தார்கள்.

மூன்றாம்கண்:
குறுக்கே வருகிறேன். பொய்த்தது கோட்பாடா, அளவீடா என்பதே முதலில் தெரியாதே. 2011இல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகத்துக்குப் போன நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோவிநாடி முந்தியதாக ஓபரா என்ற ஆய்வுக் குழு அறிவித்தது. வால்மீன் சொல்வதுபோல் ஒளியை எதுவும் முந்தாது என்கிற சார்பியலை அன்றே கைவிட்டிருந்தால் சிரிப்பாகியிருக்கும். கடைசியில் முக்கியக் காரணம், ஒளியிழைக் கேபிள் ஒன்று சரியாகப் பொருந்தாமல் இருந்தது. சோதனைக்கு வருவது கோட்பாடு மட்டுமல்ல. கருவி, கடிகாரம், கணக்கு எல்லாம் சேர்ந்த மூட்டை.

வால்மீன்:
சரி, மூட்டை என்பதை ஏற்கிறேன். ஆனால் கேபிளைக் கழற்றிச் சரிபார்க்க முடிந்தது. 'எங்கோ ஏதோ பிழை' என்று சொல்லி நிறுத்தவில்லையே.

குறுக்குக்கேள்வி:
அது நியாயம். அதற்காகத் தோற்ற உடனே கைவிடு என்ற விதி தேறிவிடாது. மாற்றுக் கோட்பாடு கையில் இல்லாதபோது எதைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போடுவது?

வால்மீன்:
அப்படியானால் எத்தனை காலம் பொறுக்கலாம்? விண்மீன் மண்டலங்களின் வெளிவிளிம்பு, கண்ணுக்குத் தெரியும் பொருளை வைத்துப் பார்த்தால் இருக்கக் கூடாத வேகத்தில் சுற்றுகிறது. அதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் என்கிறோம். அதன் துகள் இன்னும் பிடிபடவில்லை. இது நெப்டியூனா, வல்கனா?

மூன்றாம்கண்:
ஈர்ப்பு வில்லை விளைவிலும் (பெரும் நிறை ஒளியை வளைப்பது) அண்டப் பின்னணிக் கதிர்வீச்சிலும் (பெருவெடிப்பின் மிச்ச ஒளி) அதே கரும்பொருள் தேவைப்படுகிறது. வல்கனுக்கு அப்படிப் பல பக்கத்துச் சாட்சி இருந்ததில்லை. என் பந்தயம் நெப்டியூன் மீது.

குறுக்குக்கேள்வி:
1870இல் வல்கன் மீதும் பந்தயம் கட்ட ஆள் இருந்தது :)