தம்பி ஆம்புலன்ஸில் பாராமெடிக். போதைப்பொருள் ஓவர்டோஸ் அழைப்புகளுக்குப் போய்ப் போய் ஆளே மாறிவிட்டான், என்ன செய்யலாம்?

வதனி_ஸ்காபரோ:
என் தம்பி ரொறன்ரோவில் பாராமெடிக். சேர்ந்த புதிதில் வீட்டுக்கு வந்து விபத்து, மாரடைப்பு என்று கதை கதையாகச் சொல்லுவான், இப்போது சாப்பாட்டுத் தட்டோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுகிறான். முன்பு ஒருமுறை மூச்சு வரவைத்துக் காப்பாற்றிய அதே பெடியனை, பிறகு ஒரு கோப்பிக் கடைக் கழிவறையில் உயிரில்லாமல் கண்டிருக்கிறான். அதுவும் மச்சாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நித்திரை இல்லை, சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுகிறான். வேலையிடத்தில் சொன்னால் வண்டியிலிருந்து இறக்கி மேசையில் உட்கார வைத்துவிடுவார்களாம். அம்மா வேறு, "வேணுமெண்டு போடுறவங்களுக்கு நீ ஏன் உயிரைக் குடுக்கிறாய்" என்கிறார். இந்தத் துறையில் இருப்பவர்கள் ஏதாவது சொல்லுங்கள்.

பழைய_சைரன்:
தங்கச்சி, நானும் பல வருடம் ஆம்புலன்ஸில் இருந்தவன். முதலில் சட்டத்தைச் சொல்கிறேன். ஒன்ராறியோவில் 2016 முதல், பாராமெடிக், தீயணைப்பு, பொலிஸ் வேலையில் இருப்பவருக்கு பிடிஎஸ்டி, அதாவது கொடூரமான அனுபவத்துக்குப் பின் வரும் மனநோய், என்று மனநல மருத்துவரோ உளவியலாளரோ உறுதி செய்தால், அது வேலையால் வந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள், ஆளே நின்று நிரூபிக்கத் தேவையில்லை. அப்புறம், ஒரு மோசமான அழைப்பு முடிந்ததும் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து ஒரே ஒருமுறை பேசவைக்கும் பழக்கம் எங்கள் காலத்தில் இருந்தது, அது பிடிஎஸ்டியைத் தடுக்கிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. அதனால் அப்படி ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பிரயோசனம் இல்லை என்று அவன் சொன்னால் அதை வைத்து எல்லா உதவியையும் தள்ளிவிட விடாதீர்கள். அதே வேலை பார்க்கும், பயிற்சி பெற்ற சக ஊழியர் ஒருவரோடு கதைப்பதும், தொடர்ந்து ஒரு உளவியலாளரிடம் போவதும் வேறு விஷயம். நீங்கள் "என்ன நடந்தது" என்று தோண்ட வேண்டாம், காரில் எங்காவது கூட்டிக்கொண்டு போங்கள், முகம் பார்க்காமல் இருந்தால் சிலருக்கு வாய் திறக்கும். சாவதைப் பற்றி ஏதாவது சொன்னால் காத்திருக்காதீர்கள், தற்கொலைத் தடுப்பு உதவி எண் 988க்கு அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம், இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருக்கும்.

மருந்துக்கடை_மாமி:
அம்மாவின் கேள்விக்கு நான் வருகிறேன். இங்கே பல மருந்துக்கடைகளில் ஓவர்டோஸில் நின்றுபோகும் மூச்சைத் திருப்பும் நலோக்சோன் மருந்துப் பெட்டி இலவசம், நம்மவர்கள் கேட்கும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும், "தெரிந்த ஒருவருக்கு" என்பார்கள். ஒன்று வாங்கி காரில் வையுங்கள். மூச்சு நின்றாலோ, உதடு நீலமானாலோ அவசர எண் 911க்கு அழையுங்கள், உடனே மூக்கில் நலோக்சோன் ஸ்ப்ரே, இரண்டு மூன்று நிமிடத்தில் மாற்றம் இல்லையென்றால் இன்னொன்று. நலோக்சோனின் வேகம் அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் இறங்கிவிடும், ஃபென்டனைல் போன்ற போதைப்பொருள் அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கலாம், அதனால் எழும்பிவிட்டார் என்று விட்டுவிட்டுப் போகக்கூடாது. 2017இல் வந்த சட்டப்படி, அழைத்தவரையோ அங்கே நிற்பவரையோ, கையில் கொஞ்சம் போதைப்பொருள் இருந்தது என்பதற்காக மட்டும் வழக்குப் போட முடியாது. பக்கத்தில் நிற்பவர் முதலில் கொடுத்துவிட்டால் உங்கள் தம்பி போய்ச் சேரும்போது அங்கே ஒரு உயிர் மிச்சம் இருக்கும்.

நேரா_சொல்றேன்:
கோபப்படாதீர்கள், ஒரே ஆளை எத்தனை தடவை எழுப்புவது? பயம் விட்டுப்போய் இன்னும் கூடப் போட மாட்டார்களா?

மருந்துக்கடை_மாமி:
நலோக்சோன் போட்டால் போதை கலைந்து வாந்தி, நடுக்கம் எல்லாம் வரும், அதை விரும்பிக் கேட்பவரை நான் கண்டதில்லை. சர்க்கரை வியாதிக்காரருக்குத் திரும்பவும் சர்க்கரை இறங்கினால் இனிப்பு கொடுக்காமல் விடுவோமா? செத்தவரைச் சிகிச்சைக்கு அனுப்ப முடியாது தம்பி.

பழைய_சைரன்:
இன்னொன்றும் இருக்கு. 2025இல் பள்ளிக்கூடங்களிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்த, கண்காணிப்பில் போதைப்பொருள் எடுக்கவிடும் மையங்களை மாகாண அரசு மூடவைத்தது. நர்ஸ் பக்கத்தில் நிற்க ஊசி போட்டவர் இப்போது எங்கே போவார்? கோப்பிக் கடைக் கழிவறைக்குத்தான். அங்கேயும் ஓடவேண்டியது இவர் தம்பி போன்ற ஆட்கள். அந்த முடிவில் எனக்குக் கோபம்தான்.

வதனி_ஸ்காபரோ:
நன்றி அண்ணா, நன்றி மாமி. பெட்டி இன்றைக்கே வாங்குகிறேன். உளவியலாளர் என்றதும் தம்பி, தமிழர் என்றால் வேண்டாம், ஸ்காபரோ முழுக்கத் தெரிந்துவிடும் என்கிறான்.

பழைய_சைரன்:
அவர்கள் வெளியே சொல்லக்கூடாது, சொன்னால் உரிமமே போகலாம். ஆனாலும் அவன் விருப்பம், வேற்று ஆளிடமே போகட்டும். முதலுதவிப் பணியாளர்களைப் பார்த்துப் பழகியவரா என்று மட்டும் முதல் அழைப்பிலேயே கேட்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பாதி நேரம் வேலையை விளக்குவதிலேயே போய்விடும்.