ஆச்சி வீட்டு குரூப்பும் அத்தையோட சைக்கிள் புத்தகமும்

டவுண் பெரியப்பா: ஆச்சி தலைத்திவசம் தை 12. ஐயர்ட்ட சொல்லியாச்சு. அம்பை வீட்டுலதான். எத்தன பேரு வாரீயன்னு ராத்திரிக்குள்ள போடுங்க, சமையலுக்கு ஆள் சொல்லணும்

பாளை சித்தி: நாங்க நாலு பேரு

தூத்துக்குடி சித்தப்பா: லீவு கேட்டிருக்கேன்

அம்பை அத்தை: எல்லாரும் வாங்க. இன்னொரு விசயமும் சொல்லணும். திவசம் முடிஞ்ச மறுநாள் காலைல நான் சைக்கிள்ல கன்னியாகுமரி கெளம்புதேன். அங்கேருந்து கடலோரமா கூடங்குளம் உவரி மணப்பாடு வழியா திருச்செந்தூர், பெறவு ஆழ்வார்திருநகரி ஸ்ரீவைகுண்டம்னு ஆத்தோரமாவே வீட்டுக்கு. ஒரு வாரம் பத்து நாள் ஆவும். அதுவரைக்கும் மாட்ட யாராவது பாத்துக்கிடணும்

டவுண் பெரியப்பா: யாரு போறா

அம்பை அத்தை: நாந்தான் அண்ணே

தூத்துக்குடி சித்தப்பா: அக்கா??

பாளை சித்தி: மைனி 👏👏👏

டவுண் பெரியப்பா: ஏட்டி சென்னைக்காரி, நீ தீவாளிக்கு கொண்டாந்து குடுத்த புத்தகம் பண்ணுன வேலையா இது

நான்: பெரியப்பா நான் ரெண்டு புத்தகம் கொண்டாந்தேன். ஒண்ண தென்காசி மாமா அன்னைக்கே தூக்கிட்டுப் போயிட்டாவ. அத்தை ரெண்டையும் படிச்சிட்டாவ

தென்காசி மாமா: படிக்காதவங்களுக்காக நானே விவரமா சொல்லுதேன், பொறுமையா படிங்க. டெர்வ்லா மர்ஃபின்னு ஒரு அயர்லாந்து அம்மா. 10வது பொறந்தநாளுக்கு அவங்களுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு பழைய உலக மேப் புத்தகமும் கெடைக்கி. கொஞ்ச நாள்ல சைக்கிள மிதிச்சுகிட்டு ஒரு மேட்டுல ஏறும்போது, இந்தக் காலு இப்படியே மிதிச்சுகிட்டே இருந்தா இந்தியா போயிரலாமேன்னு தோணியிருக்கு. அத மனசுல வச்சிருந்து 1963 ஜனவரில கெளம்பி பிரான்ஸ், இத்தாலி, யூகோஸ்லாவியா, பல்கேரியா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் எல்லாம் தாண்டி ஜூலைல டெல்லி வந்து சேருதாங்க, தனியா. அந்த வருசம் ஐரோப்பால கடும் பனி. பையில கைத்துப்பாக்கி. யூகோஸ்லாவியாவுல ஓநாய் மேல பாயுது, சுட்டுத் தள்ளுதாங்க. ஆப்கானிஸ்தான்ல பஸ்ல ஒரு சண்டைக்கு நடுவுல துப்பாக்கிக் கட்டை இடிச்சு விலா எலும்பே ஒடையுது, அதுக்கும் அசரல. 1965ல புத்தகமா வந்தது, ஃபுல் டில்ட்னு பேரு. என் அபிப்பிராயம் என்னன்னா முதல் பாதி பிரமாதம், பாகிஸ்தான் வந்த பெறவு கொஞ்சம் இழுவை. டைரியா எழுதினதால எங்க படுத்தேன் என்ன சாப்பிட்டேன்னு திரும்பத் திரும்ப வருது

தூத்துக்குடி சித்தப்பா: எனக்கு அவ்வளவா பிடிக்கல. ஆப்கானிஸ்தான்னு சொன்னாலே உருகிருதாவ

தென்காசி மாமா: நீ எத்தன பக்கம் படிச்ச

தூத்துக்குடி சித்தப்பா: பாதி

களக்காட்டு அத்தான்: தென்காசி சித்தப்பா, கியர் விசயத்த விட்டுட்டீங்களே. புது சைக்கிள்ல இருந்த டீரெய்லர் கியர, அதான் செயின பல்லு விட்டு பல்லு தாவ வைக்கத, கெளம்புறதுக்கு முன்னாலயே கழத்திப் போட சொல்லிட்டாங்க. அந்த ரோட்டுக்கு அது தாங்காதுன்னு. நான் கடைல இத்தன வருசமா கஸ்டமர்ட்ட சொல்லிகிட்டு இருக்கது அதான். 21 கியர் வண்டி வாங்கிட்டு வாரானுவ, ஒரு வெயில் ஒரு மழை, ஒயர் இறுகிப் போயி பல்லு தாவாம வந்து நிக்கானுவ. ஒத்த பல்லு வண்டின்னா எந்தக் கிராமத்துலயும் ஒரு ஸ்பேனர வச்சு சரி பண்ணிரலாம்

நான்: அத்தான் உங்களுக்கு யாரு சொன்னா

களக்காட்டு அத்தான்: அம்பை சித்தி போன்ல வாசிச்சு காமிச்சாவ. அந்த எடத்த மட்டும் ரெண்டு தடவ

டவுண் பெரியப்பா: எல்லாரும் சேந்து கூத்தடிக்கியளா. வள்ளியூர் ரோட்டுல ஓநாய் வராது, லாரி வரும். 54 வயசுல ஒரு பொம்பள தனியா ரோட்டுல போனா ஊர்ல என்ன சொல்லுவான்

அம்பை அத்தை: அண்ணே பொறுங்க. தென்காசி அத்தான், நீங்களும் ஓநாயையே பிடிச்சுகிட்டு நிக்கீய. எனக்கு அவ 1979ல எழுதின மத்த புத்தகந்தான் மனசுல நிக்கி, அவ சொந்தக் கதை. அவ அம்மைக்கு முடக்குவாதம், சின்ன வயசுலயே நடமாட்டம் போயிட்டு. இவள 14 வயசுல பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்தி அம்மைய பாக்க வீட்டோட வச்சாவ. 30 வயசு வரைக்கும் அதேதான். நடுவுல மூணு வாரம் அஞ்சு வாரம்னு சைக்கிள்ல வெளியூர் போயி வந்திருக்கா, அம்மையே போயிட்டு வான்னு சொன்னவ. அப்புறம் நெலம மோசமாகி அதுவும் இல்லாம போச்சு. பாசத்தையும் எழுதுதா, ஆத்திரத்தையும் எழுதுதா, எதையும் மறைக்கல. அம்மைய பாத்த பொம்பள அப்படி எழுதி நான் வேற எங்கயும் படிச்சதில்ல. 1962 ஆகஸ்டுல அம்மை போறா, 63 ஜனவரில இவ ரோட்டுல நிக்கா. டெல்லி வரைக்கும் வந்தத எல்லாரும் பெருசா பேசுதிய. அந்த கொஞ்ச மாசத்துல அவளால கெளம்ப முடிஞ்சதே அதான் எனக்குப் பெருசு. ஆச்சி போயி ஒரு வருசம் ஆகப்போவுது, எனக்கு இன்னும் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு தட்டுது, எந்திரிச்சு அந்த ரூம்ல லைட்ட போட்டு நிக்கேன், கட்டில்ல யாரும் இல்லன்னு பெறவுதான் ஓர்ம வருது

பாளை சித்தி: மைனி 😢

தூத்துக்குடி சித்தப்பா: அக்கா நைட்டு போன் பண்ணுதேன்

டவுண் பெரியப்பா: அம்மாவ பாத்தத குத்திக் காமிக்கியா

அம்பை அத்தை: குத்திக் காமிக்கல. டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்த அன்னைக்கு நீங்க திண்ணைல உக்காந்து சொன்னது மறக்கல, அவ்வளவுதான்

தூத்துக்குடி சித்தப்பா: அது எதுக்கு இப்போ

பாளை சித்தி: இப்போ பேசாம எப்போ பேசுறது. மாசாமாசம் பணம் அனுப்புனோம்னு நாம நினைச்சுகிட்டோம், குளிப்பாட்டுனது மைனி ஒருத்திதான

தென்காசி அத்தை: திவசத்துக்கு சொதி வைக்கச் சொல்லலாமா, பிள்ளையளுக்கு பிடிக்கும்

டவுண் பெரியப்பா: திவசத்துக்கு எவனாவது சொதி வைப்பானா. அது மறுவீட்டுக்கு வைக்கது. வாழைக்கா, பாகக்கா, பயத்தம்பருப்பு, எள்ளுருண்டைன்னு ஐயர் லிஸ்ட் குடுத்திருக்காரு

தென்காசி அத்தை: மறுநாளைக்கு சொன்னேன் அண்ணே. எல்லாரும் தங்குவோம்லா

பாளை சித்தி: மறுநாள்னா சொதி சரிதான். இஞ்சிப் பச்சடி நான் பண்ணுதேன்

நான்: மறுநாள் அத்தை கெளம்புதாவளே

பாளை சித்தி: சொதிய சாப்பிட்டுட்டு கெளம்பட்டும்

களக்காட்டு அத்தான்: தேங்காப்பால் வயித்துல கெடந்தா வண்டி மிதிக்க முடியாது அம்பை சித்தி. இட்லி போதும்

தென்காசி மாமா: காத்து விசயம் யாரும் யோசிக்கல. ஆனி ஆடில போனா செத்தாவ, ஆரல்வாய்மொழி கணவாய் வழியா மேக்க இருந்து அடிக்க காத்து, அதனாலதான் முப்பந்தல்ல அத்தன காத்தாடி நட்டு வச்சிருக்கான், சைக்கிள பின்னால தள்ளிரும். ஐப்பசி கார்த்திகைன்னா மழை. தை சரியான மாசம், அவ தெரிஞ்சுதான் சொல்லுதா. அம்பைலேருந்து சேரன்மாதேவி போயி, களக்காடு, ஏர்வாடி, வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு. 100 கிலோமீட்டர் கிட்ட வரும், ஒரே நாள்ல வேண்டாம், களக்காட்டுல ஒரு ராத்திரி. காவல்கிணத்துல ரோடு பிரியும், நாகர்கோவில் பக்கம் திரும்பிராம நேரா போணும். கன்னியாகுமரிலேருந்து திருச்செந்தூர் ஒரு 90 வரும், அது கெழக்குக் கடற்கரை ரோடு, லாரி கொறவு. ஆனா திருச்செந்தூர் பக்கம் வரும்போது அங்கங்க செக்கச் செவேல்னு தேரிக் காடு, செவப்பு மணல் காத்துல பறந்து ரோட்டுல படிஞ்சாலும் படிஞ்சிருக்கும், அதுல மட்டும் பிரேக்க பிடிச்சிரக் கூடாது, டயர் வழுக்கும்

டவுண் பெரியப்பா: நீரும் சேந்து அனுப்பி வைக்கீரா மாப்ள

தென்காசி மாமா: நான் ரோட்டத்தான் சொன்னேன்

அம்பை அத்தை: உவரில அந்தோணியார் கோயில்ல ஒரு மெழுகுவத்தி, சுயம்புலிங்க சுவாமிக்கு ஒரு அர்ச்சனை. அது ஆச்சி நேந்துகிட்டது. கூட்டிட்டுப் போங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டு இருந்தா, கார் வச்சிருந்த யாருக்கும் நேரம் இல்ல

தூத்துக்குடி சித்தப்பா: அக்கா அது எங்கிட்ட சொல்லவே இல்லயே

அம்பை அத்தை: இந்த குரூப்புலயே போட்டேன். தம்ஸ் அப் போட்டிருந்த

நான்: பெரியப்பா, நான் ஒண்ணு சொல்லட்டுமா. அந்த அம்மா டெல்லி வந்துட்டு உடனே ஊருக்குத் திரும்பல. தர்மசாலாவுல திபெத் அகதிப் பிள்ளைங்க முகாம்ல வேலை பாத்தாங்க. அப்புறம் வயசான பெறவும் ஊர் ஊரா போயி எழுதிகிட்டே இருந்தாங்க, 2022ல 90 வயசுல தவறினாங்க. அத்தை பத்து நாள்தான கேக்காவ

டவுண் பெரியப்பா: நீ புத்தகம் குடுத்தது போதும் தாயி

டவுண் பெரியப்பா: மாடு சினையா இருக்கு. அத யாரு பாப்பா

பாளை சித்தி: நான் வந்து இருக்கேன்

தூத்துக்குடி சித்தப்பா: உனக்கு பால் கறக்கத் தெரியுமா

பாளை சித்தி: சினை மாடு வத்திட்டு, கறக்கவே வேண்டாம். தவிடு வைக்கணும் தண்ணி காட்டணும். இது கூட தெரியல உங்களுக்கு

டவுண் பெரியப்பா: ஆலங்கொளத்துக்காரன் ஒருத்தன் மாட்டுக்கு வெலை கேட்டுட்டுப் போனான்

அம்பை அத்தை: மாட்ட விக்கப் போறதில்ல. அண்ணே சொல்லிட்டேன்

டவுண் பெரியப்பா: விக்கணும்னு யாரு சொன்னா. கேட்டான்னேன். நேர்ல பேசிக்கிடுவோம்

தென்காசி அத்தை: எங்க வீட்டுல மூணு பேரு எழுதிக்கிடுங்க

களக்காட்டு அத்தான்: சித்தி அந்தப் பழைய லேடீஸ் வண்டிய இந்த வாரமே ஏத்தி அனுப்புங்க. பின் வீல் ஸ்போக்கு ரெண்டு போயிருக்கு, ரிம்மு கோட்டம் எடுக்கணும். சீட்டு மாத்தியே ஆவணும், அதுல பத்து கிலோமீட்டர் தாண்டுனா உக்கார முடியாது. சேலையா சுடிதாரா

அம்பை அத்தை: சேலைதான். செயின் கவர் முழுசா மூடுற மாதிரி போடு

களக்காட்டு அத்தான்: அப்ப பின்னால சேலை வலையும் போடுதேன். பஞ்சர் ஒட்ட கத்துக்கிடணும், கடைல வந்து ஒரு நாள் உக்காருங்க

டவுண் பெரியப்பா: இன்னும் எதுவும் முடிவாவல

களக்காட்டு அத்தான்: வண்டி ரிப்பேரு எப்படியும் பாக்கணும்லா மாமா

தென்காசி மாமா: ரெண்டு டியூப் எக்ஸ்ட்ரா வைக்கச் சொல்லு. வால்வு டியூபும் தனியா