புதுப்பிப்பு: நாதஸ்வரத்தோடு ப்ளூஸ் பதிவு, சுருதி சேர்ந்துவிட்டது

பெங்களூரு அல்சூரின் நாதஸ்வர அண்ணனோடு, ப்ளூஸ் எனும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையை என் கிட்டாரில் பதிவு செய்யத் தொடங்கி, சுருதி சேராமல் பாதியில் நிறுத்தியதைச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். இப்போது மூன்று உருப்படிகள் முடிந்துவிட்டன!

அவருடைய பாரி (நீண்ட வகை) நாதஸ்வரத்தின் சுருதி இரண்டரைக் கட்டை, அதாவது மேற்கத்திய இசையில் ‘ஈ’க்கு அரை சுரம் கீழே; அதை மாற்ற முடியாது. எனவே நான் ஆறு தந்திகளையும் அரை சுரம் இறக்கினேன். பழகிய ‘ஈ’ விரலமைப்பு அப்படியே அவர் சுருதிக்கு வந்துவிட்டது.

தாளத்தில் தடையே இல்லை. ப்ளூஸின் ஒரு சுற்றில் பன்னிரண்டு ‘பார்’ (தாளப் பகுதி); பாருக்கு நான்கு அடி, மொத்தம் 48. எட்டு அடி கொண்ட ஆதி தாளத்தில் ஆறு ஆவர்த்தனமும் (சுற்றும்) 48 தான். ஒவ்வோர் அடியும் மூன்றாகப் பிரியும் ப்ளூஸின் ‘ஷஃபிள்’ நடையைக் கேட்டதும் தவில் அண்ணன், “இது திஸ்ர நடைதானே தம்பி!” என்று உடனே வாசித்துக் காட்டினார்.

ஆனால் என்னை உலுக்கியது காந்தாரம், அதாவது ‘க’ சுரம். ப்ளூஸின் உயிர் ‘சாதாரண காந்தாரம்’ எனும் கீழ் ‘க’வுக்கும் ‘அந்தர காந்தாரம்’ எனும் மேல் ‘க’வுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பியானோவால் அங்கே நிற்க முடியாது. அண்ணனின் சீவாளி (நாதஸ்வரத்தின் ஊதும் நாணல்) அங்கே நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த ஊருக்கு இத்தகைய கூட்டு புதிதல்ல. நாதஸ்வரம் பயின்ற அமெரிக்க சாக்சபோன் கலைஞர் சார்லி மரியானோ, பெங்களூருவின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு 1983-இல் ஓர் இசைத்தட்டே பதிவு செய்தார்.

நாதஸ்வர ஒலி என் மைக்கில் ஏறியதால் அவரைத் தனி அறையில் அமர்த்தி, கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு வாசித்தோம். நான்காவது உருப்படி அடுத்த வாரம்.