கொம்பும் காலும் பிரிந்த நாள்: சொந்தமாக அச்சுக்கோப்பு நிரல் எழுதியவர்களின் அனுபவங்கள்

மதுரையிலிருந்து

எங்கள் ஊர்த் தேவாரப் பாடசாலைக்கு ஆண்டுதோறும் 64 பக்கத்தில் ஒரு பாடப்புத்தகம் அச்சாகிறது. பதிகம், பண், அருஞ்சொற்பொருள், ஓரிரு குறிப்புகள், அவ்வளவுதான். பல ஆண்டுகளாக அதைச் சொற்செயலியில்தான் செய்துவந்தேன். ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி கூடினால் ஐம்பதாம் பக்கம் வரை பாடல்கள் நடுவில் உடையும். மறுபடியும் முதலிலிருந்து உட்கார வேண்டும். ஒரு மார்கழியில் நான்காவது மெய்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தபோது, இதற்கென்றே ஒரு சிறிய நிரலை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

டெக் என்ற அச்சுக்கோப்பு நிரல் எனக்குப் பழக்கம் உண்டு. ஆனால் பாடல்களைத் தட்டச்சு செய்துதருபவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். சாய்கோடும் நெளிவு அடைப்பும் நிறைந்த கோப்பைப் பார்த்ததுமே தயங்கிவிடுகிறார்கள். வரியின் தொடக்கத்தில் ஒரு புள்ளி, அதை ஒட்டி ஒரு தமிழ்ச் சொல். இவ்வளவு இருந்தால் அவர்களுக்குப் போதும் என்று தோன்றியது. இந்தப் புள்ளிக் கட்டளைக்கு நீண்ட பரம்பரை உண்டு. 1964இல் ஜெரோம் சால்ட்சர் எழுதிய ரன்ஆஃப், பிறகு பெல் ஆய்வுக்கூடத்தில் ஜோ ஒசானா எழுதிய டிராஃப், 1990இல் வந்த ஜேம்ஸ் கிளார்க்கின் குரோஃப் என்று அது தொடர்ந்து வருகிறது. யூனிக்ஸ் கையேடுகள் இன்றும் பெரும்பாலும் அந்த வழியில்தான் எழுதப்படுகின்றன.

என் நிரலில் அடிப்படைக் கட்டளைகள் பதினொன்று. மற்றவை எல்லாம் அவற்றைக் கோத்து உருவாக்கும் மேக்ரோக்கள். ஒன்று இப்படி இருக்கும்:

.வரையறு பதிகம்
.இடம்விடு 6
.உள்தள்ளு 18
.அளவு 13
.முடி

இதற்குப் பிறகு கோப்பில் .பதிகம் என்று எழுதினால் போதும். மேக்ரோவுக்குள் இன்னொரு மேக்ரோ வந்தால், வரையறுக்கும்போது அல்ல, பயன்படுத்தும் இடத்தில்தான் அது விரியும். தன்னையே அழைக்கும் மேக்ரோ முடிவில்லாமல் சுற்றாதிருக்க, நூறு அடுக்குக்கு மேல் போனால் வரி எண்ணைச் சொல்லி நிரல் நின்றுவிடும். நீளங்களை எல்லாம் டெக் செய்வதுபோலவே ஒரு புள்ளியை (அச்சு அளவான பாயிண்ட்டை) 65,536 கூறாக்கி முழு எண்ணாகவே வைத்துக்கொண்டேன். இந்தப் பகுதியில் எனக்குத் தொல்லை இருக்கவில்லை. தொல்லை எல்லாம் தமிழ் எழுத்தில்தான் வந்தது.

முதல் அடி கட்டளைப் பெயரிலேயே விழுந்தது. புள்ளிக்குப் பிறகு எதுவரை எழுத்துகள் வருகின்றனவோ அதுவரை பெயர் என்று எழுதியிருந்தேன். .தலைப்பு என்று கொடுத்தால் ‘தல என்ற கட்டளை இல்லை’ என்றது. அரை நாள் விழித்தேன். எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் கொடுக்கும் பொதுத்தரமான யூனிகோடில் த, ல இரண்டும் எழுத்து வகையைச் சேர்ந்தவை. அவற்றை அடுத்து வரும் ஐகாரக் கொம்பு ‘குறி’ வகை. பைத்தான் நிரல்மொழியிடம் ‘இது எழுத்தா’ என்று கேட்டால் ல என்பதற்கு ஆம் என்கிறது, கொம்புக்கும் புள்ளிக்கும் இல்லை என்கிறது. அதனால் கொம்பைக் கண்டதும் பெயர் முடிந்ததாக நிரல் எடுத்துக்கொண்டது. பெயர் முதல் வெற்றிடம் வரை நீளும் என்று விதியை மாற்றியதும் சரியாயிற்று.

அடுத்தது அகலம். ஒரு வரியில் எத்தனை சொற்கள் கொள்ளும் என்று பார்க்க, ஒவ்வொரு குறியீட்டின் அகலத்தையும் எழுத்துருவிலிருந்து எடுத்துக் கூட்டினேன். ‘பாடல்’, ‘மலர்’ போன்ற சொற்கள் ஒழுங்காக நின்றன. கு, சு, மூ நிறைய வருகிற வரிகள் மட்டும் வலது ஓரத்தில் ஏறியும் இறங்கியும் இருந்தன. க என்பதன் பக்கத்தில் உகரக் குறியை வைத்தால் கு வந்துவிடாது. எழுத்துருவில் கு ஒரு தனி வார்ப்பு, அதாவது தனியாக வரைந்துவைத்த வடிவம், அதன் அகலமும் தனி. ஈய எழுத்துக் காலத்திலும் அப்படித்தான், கு ஓர் அறையிலும் கூ வேறோர் அறையிலும் கிடக்கும்.

எனவே எந்த உயிர்மெய்க்கு எழுத்துருவின் எத்தனையாவது வார்ப்பு என்று நானே ஒரு பட்டியல் எழுதினேன். இரண்டு வாரம் பிடித்தது. பக்கங்கள் அழகாக வந்தன. பாடசாலைத் தலைவர் பார்த்துவிட்டு, “எழுத்து கொஞ்சம் மெலிந்திருக்கிறது, தடிமனாக வேறு ஒன்று போடுங்களேன்” என்றார். எழுத்துருவை மாற்றினேன். பக்கம் முழுவதும் சம்பந்தமே இல்லாத எழுத்துகள். வார்ப்புகளுக்கு என்ன வரிசை எண் கொடுப்பது என்பது அந்தந்த எழுத்துருவைச் செய்தவர் தம் வசதிக்கு வைத்துக்கொள்வது. வெளியிலிருந்து அதை நம்பி எழுதியது என் தவறு.

அந்தப் பட்டியலை முழுதாக நீக்கிவிட்டு ஹார்ஃப்பஸ் நூலகத்தை இணைத்தேன். ஒரு சொல்லையும் எழுத்துருவையும் கொடுத்தால், எந்தெந்த வார்ப்பு, என்ன வரிசை, ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம் என்று அது சொல்லிவிடுகிறது. ஒகரக் குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்து, கொம்பை மெய்க்கு முன்னால் நகர்த்துவதையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரே ஆபிஸ் எல்லாம் இதைத்தான் பயன்படுத்துகின்றன. டெக்கின் வழிவந்த ஸீடெக்கும் 2013இல் இதற்கு மாறியது.

பெரிய தவறு இதற்குப் பிறகுதான் வந்தது. ஒவ்வொரு பதிகத்தின் முதலெழுத்தையும் மூன்று வரி உயரத்துக்குப் பெரிதாகப் போட ஆசைப்பட்டேன். .முதலெழுத்து என்ற மேக்ரோ சொல்லின் முதல் குறியீட்டைப் பிரித்து 36 புள்ளி அளவில் வைக்கும். நான் சோதித்த பதிகங்கள் எல்லாம் அ, ம, ப என்று தொடங்கியவை. மெய்ப்பை எடுத்துக்கொண்டு ஓதுவார் ஐயாவிடம் போனேன். ஒரு பாடல் ‘கொன்றை’ என்று தொடங்குவது. பெரிய க ஒன்று நின்றது. அதன் பக்கத்தில் சிறு புள்ளிகளால் ஆன ஒரு வட்டம். வட்டத்தின் இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால். அதற்கப்புறம் ‘ன்றை’. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். “தம்பி, இது என்ன எழுத்து?” என்று கேட்டார்.

நெடுங்கணக்கு படித்த எந்தக் குழந்தைக்கும் கொ ஓர் எழுத்து. என் நிரலுக்கு அது இரண்டாக இருந்தது. அன்றிரவே நிரலின் உள்ளமைப்பை மாற்றினேன். கோப்பைப் படித்தவுடன் உரை எழுத்து எழுத்தாகக் கட்டப்படும். மெய், அதை ஒட்டி ஒரு குறி அல்லது புள்ளி, இது ஒரு கட்டு. எந்த மேக்ரோவும் அந்தக் கட்டுக்குள் கை வைக்க முடியாது. யூனிகோடு வகுத்திருக்கும் பொதுவான எழுத்துக்கூட்டு விதியும் இதைச் செய்யும், ஆனால் க்ஷ, ஸ்ரீ இரண்டையும் அது இரண்டிரண்டாக வெட்டுகிறது. அவற்றை மட்டும் தனி விதியாகச் சேர்த்தேன். தமிழுக்காக அச்சுக்கோப்பு எழுதுபவர்கள் முதல் நாளே தீர்மானிக்க வேண்டியது இதுதான் என்பேன். உங்கள் நிரலுக்கு எழுத்து என்றால் என்ன? நான் அதை எட்டாவது மாதத்தில்தான் தீர்மானித்தேன்.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.


யாழ்ப்பாணத்திலிருந்து

வணக்கம் அண்ணா. நான் அச்சகமொன்றில் பல வருடம் பக்க வடிவமைப்புச் செய்தவள். ஊர் வரலாற்று நூல்களும் நினைவு மலர்களும்தான் அதிகம் வரும். நான் எழுதியது பெரிய நிரல் அல்ல. உரையில் குறித்துவைத்த சொற்களைச் சேர்த்துச் சொல்லடைவு தயாரிக்கும் மேக்ரோ ஒன்று.

எங்களுக்கு வரும் கையெழுத்துப் படிகளில் பாதி பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பை முதலில் அடிப்போம். அவற்றை யூனிகோடுக்கு மாற்றித்தான் நிரலுக்குக் கொடுத்தேன். முதல் நூலின் சொல்லடைவில் கொழும்பு இரண்டு தடவை வந்தது. ஒன்றுக்கு 12, 40 என்று பக்க எண்கள், மற்றதற்கு 27. இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. ஒன்றில் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் மற்றதில் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் இருந்திருக்கிறது. யூனிகோடின் இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்கிவிடும். கோப்பைத் திறந்தவுடன் அதைச் செய்துவிட வேண்டும், பிறகு செய்தால் பயனில்லை.

ஔகாரம்தான் என்னை அழவைத்தது. பழைய தட்டச்சில் கௌரி என்பதைக் கொம்பு, க, பிறகு ள என்றே அடித்திருப்பார்கள். ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் வடிவம் ஒன்றுதானே. கொம்பும் ளவும் அருகில் வந்தால் ஔகாரமாக்கு என்று எழுதினேன். கடற்றொழில் பற்றிய கட்டுரையில் கெளுத்தி மீன் எல்லாம் ‘கௌுத்தி’ ஆகிவிட்டது. எந்தச் சொல்லில் ஔகாரம், எதில் ளகரம் என்பதைச் சொல் தெரிந்த ஆள்தான் சொல்ல முடியும். இப்போது கையால் எழுதிய பட்டியல் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் இல்லாத சொல் வந்தால் நிரல் மாற்றாது, பக்கத்தின் ஓரத்தில் ஒரு குறி போட்டுவிடும்.

அகரவரிசையையும் கணினியிடம் விட்டுவிடாதீர்கள். குறியீட்டு எண்ணின்படி ளகரம் ழகரத்துக்கு முன்னால் வருகிறது, னகரம் பகரத்துக்கே முன்னால் வருகிறது. பழத்துக்கு முன்னால் பள்ளமும், வயலுக்கு முன்னால் வனமும் வந்து நிற்கும்.


சென்னையிலிருந்து

நான் எழுதியது இரண்டு பத்தியாக வரும் ஒரு மாத இதழுக்கு. பத்தி குறுகலானது, தமிழ்ச் சொல்லோ நீளமானது. ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரு சொல் வந்தால் வரியே முடிந்துவிடும். சொல்லை உடைக்காமல் விட்டால் மேல் வரியில் இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு விரல் நுழையும்.

உடைக்க நான் வைத்த விதிகள் கொஞ்சம்தான். புள்ளி எழுத்தாலும் ஆய்தத்தாலும் எந்த வரியும் தொடங்கக் கூடாது. ‘இருந்’ என்று ஒரு வரி முடிந்து ‘தவர்’ என்று அடுத்தது தொடங்கலாம். ‘இரு’ என்று முடிந்து ‘ந்தவர்’ என்று தொடங்கினால் படிப்பவரின் நாக்கு தடுக்கும். இரு பக்கமும் குறைந்தது இரண்டு எழுத்தாவது இருக்க வேண்டும். இடைக்கோடு போடுவதில்லை. நம் நாளிதழ்களும் பழைய புத்தகங்களும் கோடு இல்லாமலே உடைத்திருக்கின்றன, வாசகருக்கும் அது பழகிய வழக்கம்.

இந்த விதிகளைவிட அதிகப் பலன் தந்தது வேறு ஒன்று. வரி வரியாக நிரப்புவதைக் கைவிட்டேன். கணினி அறிஞர் டொனால்டு நூத் தம் ‘கணினி நிரலாக்கக் கலை’ நூலின் இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்புக்கு 1977இல் வந்த மெய்ப்பைப் பார்த்து மனம் நொந்துதான் டெக்கைத் தொடங்கினார். அவரும் மைக்கேல் பிளாஸும் 1981இல் வெளியிட்ட முறை பாரா முழுவதையும் ஒன்றாகப் பார்க்கிறது. எழுத்து ஒரு பெட்டி, சொல்லிடைவெளி நீளவும் சுருங்கவும் கூடிய பசை, கூடாத இடத்தில் உடைத்தால் அதற்குத் தண்டம். மொத்தத் தண்டம் எதில் குறைவோ அந்த உடைப்பு. ஏழாம் வரி அவலட்சணமாகாமல் இருக்க இரண்டாம் வரியிலேயே ஒரு சொல்லை முன்கூட்டி இறக்கிவிடுகிறது. ஈய எழுத்துக் கோத்த பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். அவரும் எழுத்துகளை அடுக்கும் கம்போசிங் ஸ்டிக்கில் இரண்டு வரி முன்னால் பார்த்துத்தான் கோப்பாராம். பாரா முழுவதையும் பார்க்க அவருக்கு நேரம் இருந்ததில்லை.


கோவையிலிருந்து

நான் முதல் வகுப்பு ஆசிரியை. மகன் எனக்காக இப்படி ஒரு நிரல் எழுதிக் கொடுத்தான். பிள்ளைகளுக்கான அட்டையில் கெ, கே, கொ எழுத்துகளின் கொம்பை மட்டும் சிவப்பில் காட்ட வேண்டும் என்றேன். கொம்புக்கு முன்னும் பின்னும் நிறக் கட்டளை போட்டான். மதுரைக்காரர் சொன்ன அதே புள்ளி வட்டம் வந்தது. உங்கள் கட்டு முறையில் இதற்கு வழி உண்டா ஐயா? கு, கூவிலும் சுழியை மட்டும் சிவப்பாக்கிக் காட்ட ஆசை.


மதுரையிலிருந்து

அம்மா, கொம்புக்கு வழி உண்டு. நிறத்துக்காக உரையை வெட்டக் கூடாது. கெ என்பதை முழுதாக ஹார்ஃப்பஸிடம் கொடுத்துவிட்டு, அது திருப்பித் தரும் வார்ப்புகளில் கொம்பின் வார்ப்பு எதுவோ அதற்கு மட்டும் நிறம் கொடுக்கச் சொல்லுங்கள். கொம்பு, கால் எல்லாம் பெரும்பாலான எழுத்துருக்களில் தனி வார்ப்புகள்தான். கு, கூ அப்படி அல்ல, சுழியும் உடலும் ஒரே வார்ப்பு. அதற்கு ஒரு வழிதான் எனக்குத் தெரியும். முழு எழுத்தையும் சிவப்பில் அச்சிட்டு, சுழி மட்டும் வெளியே தெரியும்படி மீதிப் பகுதிக்குக் கறுப்பில் அதையே மறுபடியும் அச்சிடுவது. எங்கே வெட்டுவது என்பதை ஒவ்வோர் எழுத்துக்கும் கண்ணால் பார்த்துக் குறிக்க வேண்டும். உகர, ஊகார வரிசைக்கு 36 எழுத்துகள். ஒரு விடுமுறை நாள் ஆகும், ஆனால் பிள்ளைகளுக்கு அது வேண்டும் என்றால் செய்யலாம்.

வார்ப்பு வரிசையைப் பற்றி இன்னொன்று. பிடிஎஃப் கோப்பில் கொம்பு முன்னால் எழுதப்படுவதால், அதில் ‘கொன்றை’ என்று தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் உண்மையான உரையைக் கூடவே பொதிந்து வைக்கும் வசதி பிடிஎஃபில் இருக்கிறது. அதைச் சேர்த்த பிறகு நான் பயன்படுத்தும் வாசிப்பு நிரலில் தேடலும் நகலெடுப்பும் சரியாக நடக்கின்றன. எல்லா வாசிப்பு நிரல்களும் அதை மதிப்பதில்லை.

சென்னை நண்பரே, பாரா முழுவதையும் பார்க்கும் முறையை உரைநடைக் குறிப்புகளுக்கு இந்த வாரமே முயன்று பார்க்கிறேன். பதிகத்துக்கு அது வேண்டியதில்லை, அங்கே அடி எங்கே உடைய வேண்டும் என்பதைப் பாடியவரே தீர்மானித்திருக்கிறார்.

யாழ்ப்பாணத்துத் தங்கைக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் பழைய கோப்புகளிலும் கொம்பும் ளவும் கலந்துதான் கிடக்கின்றன. கௌரி எது, கெளுத்தி எது என்று நீங்கள் கையால் எழுதிய அந்தப் பட்டியலை இங்கே பகிர்ந்தால், எங்கள் பதிகங்களில் வரும் சொற்களையும் சேர்த்துத் திருப்பித் தருகிறேன்.